விடிய விடிய வள்ளி திருமணம்

 

போன வாரம் திருவிழா வேலையைப் பிரிச்சுக் கொடுக்க உட்கார்ந்தப்போ ஒரு பேச்சு வந்துச்சு. கலை இரவுக்கு இந்த வருஷமும் மெல்லிசைக் குழுவா, இல்ல வள்ளி திருமணம் நாடகம் போடலாமா? பெரியவங்க நாடகம்னாங்க. இளைஞர் பிரிவுல ஒரு தம்பி, "அது என்ன, சீரியலா?"ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சிட்டோம். வீட்டுக்குப் போன பிறகு சிரிப்பு வரல. அதனாலதான் இந்த நீண்ட பதிவு.

மேடையில் வள்ளி திருமணம் என்றாலே சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வடிவம்தான் முதலில் நினைவுக்கு வரும். 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். நடிகராக இருந்த காலத்தில் எமன், சனீஸ்வரன் மாதிரி பயங்கர வேடங்கள்தான் அவருக்கு. ஒருமுறை அவர் சனீஸ்வரனாக வந்ததைப் பார்த்த அதிர்ச்சியில் ஒரு பெண்ணுக்குக் கரு கலைந்ததாகவும், அதன் பிறகு வேடம் கட்டுவதையே விட்டுவிட்டதாகவும் சொல்வார்கள். எழுத்தும் பயிற்சியுமே பிறகு அவர் வாழ்க்கை. பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள். 1918-இல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்ற பிள்ளைகள்தான். சண்முகத்துக்காக ஒரே இரவில் அபிமன்யு நாடகத்தை எழுதி முடித்தாராம். சண்முகமே பின்னாளில் சொன்னது. 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார்.

பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை இனிப்பானது இல்லை. அடி உண்டு, கண்டிப்பு உண்டு. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் நேற்றுவரை ராஜபார்ட் போட்ட பையன் இன்று மூலையில் நிற்பான். அதையும் மறைக்காமல் சொல்லணும்.

சுவாமிகள் விட்டுப்போன பெரிய சொத்து வேறு ஒன்று. மதுரை, புதுக்கோட்டை பக்கம் இன்றும் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் நடக்கிறது. வள்ளி ஒரு ஊர், வேலன் ஒரு ஊர், நாரதர், பபூன், பெட்டிக்காரர் எல்லாரும் வேறு வேறு ஊர். தனித்தனியாகப் பேசி, அன்றைக்கு ராத்திரிதான் கொட்டகைக்குப் பின்னால் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை ஓடும். எப்படி? எல்லாருக்கும் ஒரே பாடம் மனப்பாடம். வேலன் ஒரு பாட்டை எடுத்தால் வள்ளிக்குப் பதில் தெரியும். வார்த்தைக்கு வார்த்தை தர்க்கம் ஏறும். தெரியாதவர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இந்த நாடக உலகத்தில்தான் பேர் வாங்கினார்கள். 1926-இல் கொழும்பு மேடையில் சேர்ந்தார்கள், அடுத்த வருஷம் கல்யாணம். 1933-இல் கிட்டப்பா போனபோது அவருக்கு வயது 27. அதற்குப் பிறகு அந்த அம்மா வெள்ளைப் புடவையும் திருநீறுமாகவே வாழ்ந்தார். கோயில் ஒலிபெருக்கியில் நாம் கேட்கிற அந்த ஔவையார் குரல், நாடக மேடையில் மைக் இல்லாமல் பழகிய குரல்.

மலாயாவுக்கும் இதில் ஒரு உறவு இருக்கு. படம் வரைந்த திரைச்சீலையும் ஹார்மோனியமுமாக வந்த பார்சி நாடகக் குழுக்கள் தமிழ் மேடையை மாற்றின மாதிரியே பினாங்குக்கும் வந்தன. மலாய்க்காரர்கள் அதை வாயாங் பார்சி என்றார்கள். அதிலிருந்துதான் மாமாக் புஷியின் குழுவும் பங்சாவானும் வளர்ந்தன. நம்ம நாடகமும் பங்சாவானும் பங்காளிங்கன்னு சொன்னா தப்பில்லை.

நம்ம செந்தூல் ரயில்வே பட்டறையை நம்பி வளர்ந்த ஊர். 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பி-29 விமானங்கள் குண்டு போட்டுப் பட்டறையின் பெரும் பகுதி அழிஞ்சது. மறுபடி கட்டினாங்க. அந்த ரயில்வே நிலத்துல இருந்த பழைய கட்டடத்துலதான் 2005-இல் கேஎல்பேக் அரங்கம் திறந்துச்சு. ஜோ ஹஷாம், ஃபரிடா மெரிக்கான் நடத்துற நல்ல இடம். குளிர்சாதனம், விளக்கு, எல்லாம் இருக்கு. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற நம்மள்ல எத்தனை பேர் உள்ளே போயிருக்கோம்? நாங்களும் ரெண்டு தடவைதான்.

ஆனா அரங்கம் இல்லாதது நம்ம பிரச்சினை இல்ல. அன்னதானத்துக்குக் காய் நறுக்க வர்ற ஒரு ஐயா, சின்ன வயசுல தோட்டத்துல வேலன் வேஷம் கட்டினவர். பூசணிக்காய் வெட்டிக்கிட்டே பாடுவார். வள்ளி பதில் சொல்ற இடம் வந்ததும் நிறுத்திடுவார். "இதுக்கு மேல அவங்க பாட்டுப்பா"ன்னு சொல்லிட்டு மறுபடி கத்தியை எடுப்பார். அந்தப் பதில் தெரிஞ்ச ஆள் எங்க யாருக்கும் தெரியாது. மெல்லிசைக் குழுவை அடுத்த வருஷமும் கூப்பிடலாம். ஐயாவுக்கு எண்பதைத் தாண்டியாச்சு.

நிர்வாகம் ஒரு மணி நேரம் தர்றதா சொல்லியிருக்கு. விடிய விடிய இல்ல, தர்க்கக் காட்சி மட்டும். வர்ற வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் மண்டபத்துல ஐயாவைப் பாட வச்சு எழுதிக்கப் போறோம். வீட்டுல பாட்டி, தாத்தாவோட பழைய நாடகப் புத்தகம், கையெழுத்து நோட்டு இருந்தா எடுத்துட்டு வாங்க. வள்ளி பாட்டு தெரிஞ்ச அக்கா, அம்மா யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க. "சீரியலா"ன்னு கேட்ட தம்பிதான் போன்ல பதிவு செய்யப் போறான்.

ஹார்மோனியப் பெட்டி ஒண்ணு கிடைச்சிருச்சு. வாசிக்க ஆள்தான் இன்னும் கிடைக்கல.