கூட்டுறவுச் சங்கம் நிறுவனமாக மாறினால், சேர்த்து வைத்த பணம் யாருக்குச் சொந்தம்?

2024ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஜெர்மனியின் அலியான்ஸ் நிறுவனம் சிங்கப்பூரின் இன்கம் இன்ஷூரன்ஸில் குறைந்தது 51 விழுக்காட்டுப் பங்கை வாங்க முன்வந்தது. பங்கு ஒன்றுக்கு 40.58 வெள்ளி. மொத்தம் சுமார் 2.2 பில்லியன் வெள்ளி.

ஐந்தே மாதத்தில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நடுவில் பொதுமக்களிடமிருந்து கடும் எதிர்ப்பு, நாடாளுமன்றத்தில் கேள்விகள், அவசரமாக ஒரு சட்டத் திருத்தம்.

வெளிநாட்டு நிறுவனம் உள்ளூர் நிறுவனத்தை வாங்குவது இங்கே புதிதல்ல. அப்போ இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பரபரப்பு?

இன்கம் ஐம்பது ஆண்டுக்கும் மேலாகக் கூட்டுறவுச் சங்கமாக இருந்ததுதான் காரணம். பங்குதாரர்களுக்குச் சொந்தமான நிறுவனமாக அது மாறியது 2022இல்தான்.

கூட்டுறவுச் சங்கம், நிறுவனம்: என்ன வித்தியாசம்?

இரண்டிலும் 'பங்கு' உண்டு. ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம் இல்லை.

நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பவர் அதன் உரிமையாளர்களில் ஒருவர். நிறுவனம் வளர்ந்தால் பங்கின் மதிப்பும் ஏறும். எத்தனை பங்கோ, அத்தனை வாக்கு.

கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு என்பது கிட்டத்தட்ட உறுப்பினர் கட்டணம் மாதிரி. 10 வெள்ளி போட்டுச் சேர்ந்தால், விலகும்போது அந்த 10 வெள்ளிதான் திரும்பக் கிடைக்கும். நடுவில் ஈவுத்தொகை கிடைக்கலாம். பொதுவாக ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு. லாபத்தைப் பெருக்குவதைவிட உறுப்பினர்களுக்குச் சேவை செய்வதே சங்கத்தின் நோக்கம்.

நாம் அடிக்கடி போகும் ஃபேர்பிரைஸ் கடைகளை நடத்துவதும் ஒரு கூட்டுறவுச் சங்கம்தான்.

ஏன் மாற நினைக்கிறார்கள்?

முக்கியக் காரணம் மூலதனம். நிறுவனத்துக்குப் பணம் தேவைப்பட்டால் புதுப் பங்குகளை வெளியிட்டு முதலீட்டாளர்களிடம் விற்கலாம். கூட்டுறவுச் சங்கத்தால் அவ்வளவு சுலபமாக முடியாது. உறுப்பினர்களிடம் கேட்கணும், இல்லையென்றால் வருடா வருடம் மிச்சம் பிடித்துச் சேர்க்கணும்.

காப்புறுதித் தொழிலில் இது பெரிய சிக்கல். எதிர்பாராத இழப்பீட்டைச் சமாளிக்கப் போதுமான மூலதனம் கையில் இருக்க வேண்டும் என்று விதிமுறை சொல்கிறது. உலகளவில் இயங்கும் பெரிய போட்டியாளர்களோடு மோதுவதற்கும் பணம் வேண்டும்.

2022இல் இன்கம் சொன்ன காரணமும் இதுதான். நிறுவனமாக மாறினால் மூலதனம் திரட்டுவது எளிதாகும், மற்ற காப்புறுதி நிறுவனங்களோடு சமமாகப் போட்டியிட முடியும் என்றது. இதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அப்போ பிரச்சினை எங்கே?

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1,000 பேர் ஆளுக்கு 10 வெள்ளி போட்டு ஒரு சங்கம் தொடங்குகிறார்கள். மொத்தம் 10,000 வெள்ளி. நாற்பது வருடத்தில் சங்கத்தின் சேமிப்பு 1 மில்லியன் வெள்ளியாக வளர்கிறது.

இடையில் விலகியவர்கள் தலா 10 வெள்ளியோடு போனார்கள். இப்போது இருக்கும் 1,000 பேர் வேறு ஆட்கள். அவர்கள் ஓட்டுப் போட்டுச் சங்கத்தை நிறுவனமாக மாற்றி, அதை அப்படியே விற்றுவிட்டால் ஆளுக்கு 1,000 வெள்ளி.

அந்தப் பணத்தைச் சேர்த்தவர்கள் யார்? பல தலைமுறை உறுப்பினர்களும் வாடிக்கையாளர்களும். எடுத்துக்கொள்பவர்கள் யார்? மாறும் நேரத்தில் தற்செயலாகப் பங்கு வைத்திருந்தவர்கள்.

இதைத் தடுக்கத்தான் சிங்கப்பூரின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒரு சங்கம் கலைக்கப்பட்டால் உறுப்பினர்களுக்குப் பங்கின் முகமதிப்புதான் கிடைக்கும். மிச்சமுள்ள பணம் கூட்டுறவுத் துறையின் பொதுக் கணக்குக்குப் போகும். மற்ற கூட்டுறவுச் சங்கங்களின் நலனுக்கு அது பயன்படும்.

ஒரு தலைமுறை சேர்த்ததை இன்னொரு தலைமுறை பங்குபோட்டுக்கொள்ளக் கூடாது என்பதே அதன் அடிப்படை.

இன்கம் விவகாரத்தில் நடந்தது என்ன?

*1970:* என்டியுசி எனப்படும் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் இன்கம் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது. சாதாரண ஊழியர்களுக்குக் கட்டுப்படியான காப்புறுதி கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். தொழிற்சங்கங்கள் கூட்டுறவுத் துறையில் இறங்க வேண்டும் என்று அதற்கு முந்தைய ஆண்டு நடந்த என்டியுசி கருத்தரங்கில் டாக்டர் கோ கெங் சுவீ வலியுறுத்தியிருந்தார்.

*2022:* உறுப்பினர்களின் ஒப்புதலோடு, செப்டம்பர் 1ஆம் தேதி இன்கம் நிறுவனமாக மாறியது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. என்டியுசி எண்டர்பிரைஸ் தொடர்ந்து பெரும்பான்மைப் பங்குதாரராக இருக்கும் என்று அப்போது சொல்லப்பட்டது.

இங்கேதான் முக்கியமான ஒரு முடிவு. சங்கத்தில் சுமார் 2 பில்லியன் வெள்ளி உபரி இருந்தது. அது பொதுக் கணக்குக்குப் போகாமல், புதிய நிறுவனத்துக்கே கொண்டுசெல்ல கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சு விலக்கு அளித்தது. நிறுவனத்தின் மூலதனம் வலுவாக இருக்க வேண்டும் என்பதே விலக்குக்குச் சொல்லப்பட்ட காரணம்.

*ஜூலை 2024:* அலியான்ஸ் தன் சலுகையை அறிவித்தது. அப்போது என்டியுசி எண்டர்பிரைஸின் கையில் இன்கமின் 72.8 விழுக்காட்டுப் பங்கு இருந்தது. சங்கக் காலத்தில் 10 வெள்ளி முகமதிப்பில் இருந்த பங்குக்கு, இப்போது நான்கு மடங்குக்கும் மேல் விலை.

முன்னாள் தலைமை நிர்வாகி டான் சுவீ சியே, மூத்த அரசதந்திரி பேராசிரியர் டாமி கோ உட்படப் பலரும் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார்கள். இன்கமின் சமூக நோக்கம் என்னவாகும் என்பது அவர்களின் கவலை. வலுவான பங்காளி கிடைத்தால்தான் இன்கம் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கும், கட்டுப்படியான காப்புறுதி தொடரும் என்று என்டியுசி தரப்பு பதில் சொன்னது.

*அக்டோபர் 14, 2024:* கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சர் எட்வின் டோங், இப்போதைய வடிவில் இந்த ஒப்பந்தத்தை அனுமதிக்க முடியாது என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

*டிசம்பர் 2024:* அலியான்ஸ் தன் சலுகையை மீட்டுக்கொண்டது.

அரசாங்கம் ஏன் தடுத்தது?

அலியான்ஸ் வாங்குவதே தவறு என்று அரசாங்கம் சொல்லவில்லை. வெளிநாட்டு நிறுவனம் என்பதும் காரணம் இல்லை.

உறுத்தியது ஒரு குறிப்பிட்ட திட்டம். பங்குகள் கைமாறிய முதல் மூன்று ஆண்டுக்குள் இன்கமின் மூலதனத்தில் சுமார் 1.85 பில்லியன் வெள்ளியைப் பங்குதாரர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் யோசனை அதில் இருந்தது.

மூலதனத்தை வலுப்படுத்தத்தான் 2022இல் சுமார் 2 பில்லியன் வெள்ளிக்கு விலக்கு கொடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட அதே அளவு பணத்தை வெளியே எடுத்தால், அந்த விலக்குக்கு என்ன அர்த்தம்? அமைச்சரின் வாதம் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்.

காப்புறுதிச் சட்டமும் உடனடியாகத் திருத்தப்பட்டது. கூட்டுறவுச் சங்கமாக உள்ள அல்லது அத்தகைய சங்கத்தோடு தொடர்புள்ள காப்புறுதி நிறுவனம் கைமாறும்போது, சிங்கப்பூர் நாணய வாரியம் அமைச்சின் கருத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள அது வழிவிடுகிறது. அக்டோபர் 14ஆம் தேதி அறிமுகமான மசோதா 16ஆம் தேதி நிறைவேறியது.

மற்ற நாடுகளில் என்ன ஆனது?

இந்த அனுபவம் அதிகம் உள்ள நாடு பிரிட்டன். அங்கே வீட்டுக் கடன் கொடுக்கும் 'பில்டிங் சொசைட்டி'கள் உறுப்பினர்களுக்குச் சொந்தமானவை. 1986இல் வந்த சட்டம் அவை நிறுவனமாக மாற வழி திறந்தது. 1989இல் ஆபி நேஷனல் முதலில் மாறியது. 1997இல் ஹாலிஃபாக்ஸ், நார்தர்ன் ராக் உட்படப் பலவும் மாறின.

மாறும்போது உறுப்பினர்களுக்கு இலவசப் பங்குகள் கிடைத்தன. விஷயம் தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அடுத்து எது மாறும் என்று பார்த்து, அங்கே போய்க் கணக்குத் திறந்தார்கள். சேமிக்க இல்லை, இலவசப் பங்குக்காக!

அதைச் சமாளிக்க நேஷன்வைட் சொசைட்டி ஒரு வழி கண்டுபிடித்தது. எதிர்காலத்தில் சொசைட்டி மாறினால் கிடைக்கும் தொகையை அறநிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தால்தான் புது உறுப்பினராகச் சேரலாம் என்றது. 1998இல் மாற்றத்துக்கான வாக்கெடுப்பும் அங்கே மயிரிழையில் தோற்றது. நேஷன்வைட் இன்றும் உறுப்பினர்களுக்கே சொந்தம்.

மாறியவற்றின் கதை வேறு. ஆபி நேஷனலை 2004இல் ஸ்பெயினின் சான்டாண்டர் வாங்கியது. நார்தர்ன் ராக், பணச் சந்தையில் கடன் வாங்கி வேகமாக வளர்ந்தது. 2007இல் அந்தக் கடன் நின்றபோது, வாடிக்கையாளர்கள் பணத்தை எடுக்கக் கிளைகளுக்கு வெளியே வரிசைபிடித்தார்கள். 2008இல் அரசாங்கம் அதைத் தேசியமயமாக்கியது. அப்படி மாறிய சொசைட்டிகளில் ஒன்றுகூட இன்று தனித்து இயங்கும் வங்கியாக இல்லை.

மாறியதால் மட்டுமே அவை விழுந்தன என்று சொல்ல முடியாது. ஆனால், வேகமாக வளரணும் என்ற அழுத்தத்தைப் பங்குச் சந்தை கூட்டியது என்று பலர் வாதிடுகிறார்கள்.

நம்மைப் பொறுத்தவரை?

முதலில், பாலிசி வேறு, பங்கு வேறு. உங்களிடம் இன்கம் பாலிசி இருந்தால் நீங்கள் பங்குதாரர் என்று அர்த்தமில்லை. உரிமையாளர் மாறினாலும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் விதிமுறைகள் நீடிக்கும். புதிதாக விற்கப்படும் பாலிசிகளின் விலையும் வகையும்தான் மாறக்கூடும்.

நீங்களோ அம்மா அப்பாவோ ஏதாவது ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினரா? அது நிறுவனமாக மாறப்போகிறது என்று கடிதம் வந்தால், ஓட்டுப் போடுவதற்கு முன் கேட்க வேண்டியவை:

- சேர்த்து வைத்த உபரி எங்கே போகும்? யார் அனுமதி கொடுத்தார்கள், எந்த நிபந்தனையில்?
- மாறிய பிறகு யாருடைய கையில் பெரும்பான்மைப் பங்கு இருக்கும்? அதை அவர்கள் விற்கத் தடை உண்டா?
- சமூக நோக்கம் தொடரும் என்ற வாக்குறுதி நிறுவனத்தின் விதிமுறைகளில் எழுதப்பட்டிருக்கிறதா, செய்தியாளர் கூட்டத்தில் சொன்னதோடு சரியா?
- உங்கள் ஒரு வாக்கு மாற்றத்துக்குப் பிறகு எத்தனை விழுக்காடாகச் சுருங்கும்?

2022இல் சொல்லப்பட்டதும் 2024இல் முன்வைக்கப்பட்டதும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதுதான் இன்கம் விவகாரத்தின் மையம். அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆள் இருந்ததால்தான், அது நாடாளுமன்றம்வரை போனது.