கொழும்புக்கு வந்த சீரோ எது?

உயிர்த்த ஞாயிறு என்றதும் இப்போது எங்கள் எல்லோருக்கும் 2019தான் ஞாபகம். ஆனால் கொட்டாஞ்சேனைப் பெரியவர்கள் இன்னொன்றையும் சொல்வார்கள்: 1942 ஏப்ரல் 5, யப்பான்காரன் துறைமுகத்துக்குக் குண்டு போட்ட காலை.

வருடா வருடம் ஏப்ரலில் எங்கள் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. "கொழும்பைத் தாக்கிய சீரோ" என்று எழுதி, இறக்கை நுனி சதுரமாக வெட்டிய ஒரு விமானம். அது பிழை உறவுகளே. அந்த மொடல் அன்று இங்கே வரவே இல்லை.

வந்தது மொடல் 21. விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து, குண்டு விமானங்களுக்குக் காவலாக 36 சீரோக்கள். இறக்கை 12 மீற்றர். கப்பலின் லிஃப்டில் இடம் இறுக்கம் என்பதால் இரு நுனியிலும் அரை மீற்றரை மேலே மடிப்பார்கள். வழமையான சுமையோடு எடை இரண்டரைத் தொன்னுக்குள். விமானிக்குக் கவசத் தகடு இல்லை. எண்ணெய்த் தாங்கியில் சன்னம் பட்டால் தீதான்.

இரத்மலானையில் நின்ற பிரித்தானியக் கடற்படையின் ஃபுல்மார் இதற்கு நேரெதிர். நாலு தொன்னுக்கு மேல், இரண்டு ஆசனம். பின்னால் இருப்பவர் நடுக்கடலில் வழி பார்க்க. வெள்ளவத்தைக்கு மேலே பறப்பதற்கு வழிகாட்டி எதற்கு? வெறும் பாரம்தான். அன்று நாலு ஃபுல்மார்கள் வீழ்ந்தன. ஹரிக்கேன்களும் கனக்க இழந்தார்கள்.

படத்தில் இருப்பது அதற்குப் பிறகு வந்த மொடல் 32. மடிக்கும் துண்டையே வெட்டி இறக்கையை 11 மீற்றராக்கினார்கள். என்ஜினும் புதிது, 1130 குதிரைவலு. ஆனால் அது நீளம் கூட. அதற்கு இடம் விட, பின்னால் இருந்த எண்ணெய்த் தாங்கி சிறுத்தது. ரபௌலில் இருந்து குவாடல்கனாலுக்குப் போய் சண்டை பிடித்துத் திரும்ப எண்ணெய் காணவில்லை. ஆகவே மொடல் 22இல் பழைய 12 மீற்றர் இறக்கையே திரும்பி வந்தது, உள்ளே கூடுதல் தாங்கிகளோடு. 1943இன் மொடல் 52இல் மறுபடி 11 மீற்றர், இந்த முறை நுனி வளைவு. வேகமாகக் கீழே பாய்வதற்காக இறக்கைத் தகட்டையும் தடிப்பாக்கினார்கள். ஆனால் தீப்பிடிக்கிற குறை முற்றாகத் தீரவில்லை.

அடுத்த ஏப்ரலில் படம் வந்தால் இறக்கை நுனியைப் பாருங்கள். சதுரம் என்றால் 32. நுனி வளைவாக இருந்தால் மூக்கையும் பாருங்கள்: என்ஜினுக்குக் காற்றுப் போகும் வாய் 21இல் கீழே, மற்ற மூன்றிலும் மேலே.