தையல்காரர் வாங்கிய படகு

மடிப்புப் படகில் முதலில் கிழடு தட்டுவது ரப்பர் தோல்தான். உள்ளே இருக்கும் ஆஷ் மரச் சட்டத்துக்கு அவ்வப்போது வார்னிஷ் அடித்து வந்தால் பேரன் காலத்துக்கும் தாங்கும். தோலோ வெயில் பட்டுப் பட்டு மடிப்புகளில் வெடித்துவிடும். ஜெர்மனியின் ரோசன்ஹைமில் என் பட்டறையில் கிடக்கும் பழைய கிளெப்பர் படகில் அடிப்பக்க ரப்பர் தேய்ந்து, உள்துணியின் இழை எட்டிப் பார்க்கிறது.

1905-ல் ஆல்ஃப்ரெட் ஹாய்ரிஷ் என்ற கட்டடக்கலை மாணவர் மூங்கில் கழிகள்மேல் பாய்த்துணி போர்த்தி ஒரு மடிப்புப் படகு செய்து, பாட் டோல்ஸிலிருந்து மியூனிக்வரை ஈசார் ஆற்றில் வந்து சேர்ந்தார். 1907-ல் அதன் உரிமையை வாங்கியவர் எங்கள் ஊர்த் தையல்காரர் யோஹான் கிளெப்பர். தச்சர் யாரும் வாங்காமல் தையல்காரர் வாங்கியதில் எனக்கு வியப்பில்லை. சட்டம் பூட்டுவது எளிது. அதன்மேல் துணி சுருக்கமில்லாமல் உட்கார வேண்டுமே! பின்னாளில் ரப்பர் பூசிய மழைக்கோட்டிலும் கிளெப்பர் நிறுவனம் பேர் வாங்கியது. படகைப் பையில் கட்டி ரயிலேற்றி, மலையடிவாரத்தில் இறங்கி, ஆற்றோடு வீடு திரும்பலாம். கார் இல்லாத குடும்பங்கள் அதற்காகவே வாங்கின.

அந்நாளைய ரப்பரில் பெரும்பகுதி தென்கிழக்காசியத் தோட்டங்களிலிருந்து வந்தது. மலாயாவில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். என் பாட்டியும் பேராக்கில் வெட்டியவர்தான்.

மடிப்புப் படகு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சான்று: வேலையிழந்த ஆஸ்கார் ஸ்பெக் என்ற ஜெர்மானியர் 1932-ல் ஊல்ம் நகரில் அதைக்கொண்டு டான்யூபில் இறங்கி, இந்தியக் கரையோரமாகவும் இலங்கையைத் தொட்டும் துடுப்புப் போட்டு, 1939-ல் ஆஸ்திரேலியாவின் சைபாய் தீவில் கரையேறினார். போர் மூண்டிருந்ததால் கைதுதான் வரவேற்பு. அவருடையது கிளெப்பர் அல்ல, பியோனியர் என்ற வேறு நிறுவனத்தின் மடிப்புப் படகு.

இனி என் பட்டறைப் படகின் தேய்ந்த தோலுக்குப் பூச வேண்டிய பூச்சுக்கு வருவோம். சட்டத்தை உள்ளே பூட்டி, தோல் விறைத்த பிறகுதான் பூச வேண்டும். தொங்கும் தோலில் பூசினால் ஓட்டும்போது வெடிக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மணல்தாளால் மெல்லத் தேய்க்கிறேன். துணியைத் தொட்டுவிடக் கூடாது. வீட்டுச் சுவர்ப் பெயிண்ட் முதல் மடிப்பிலேயே உரிந்துவிடும். திரவ ரப்பரை மெல்லிசாகப் பல தடவை பூசுவதுதான் சரி. அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒட்டும் பட்டைக்கும் தோலுக்கும் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துவேன். கடைசியில் டால்கம் பவுடர். இல்லாவிட்டால் சுருட்டியது சுருட்டியபடி ஒட்டிக்கொள்ளும்.

பழைய தோலைத் தொடாதே என்று சேகரிப்பாளர்கள் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். ஸ்பெக்கே வழியில் புதுப் படகு தருவித்துக்கொண்டவர். எனக்கு மட்டும் என்ன தயக்கம்?