தோட்டத்திலிருந்து பட்டணத்துப் பள்ளிக்கு



தோட்டத்துப் பிள்ளை ஆறாம் வகுப்பை முடித்ததும் பக்கத்துப் பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் சேர்வது இன்று நமக்குச் சாதாரணமாகத் தோன்றுகிறது. அந்தப் பாதை எப்படித் திறந்தது என்று சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளிகள் எழுந்தன. ஆனால் பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். எழுதப் படிக்கத் தெரிந்ததும் பிள்ளைகள் பால்வாளியைத் தூக்கினார்கள்.

1956இல் வெளிவந்த ரசாக் அறிக்கை தமிழ்ப்பள்ளிகளை நாட்டுக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. ஆயினும் ஆறாம் வகுப்பு முடிவில் ஒரு நுழைவுத் தேர்வு குறுக்கே நின்றது. நாடு முழுவதும் 100 பேரில் ஏறக்குறைய 30 பேருக்கே இடைநிலைப்பள்ளியில் இடம் கிடைத்தது. 1964ஆம் ஆண்டோடு அத்தேர்வு நீங்கியது. 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம் வரை படிக்கலாம் என்றாயிற்று. பள்ளிகளில் மாணவர் தொகை பெருகியது.

முதல் கதவு திறந்தது. அடுத்தது மொழிக் கதவு. ஆறு ஆண்டுகள் தமிழில் படித்த பிள்ளை அங்கே வேறு மொழியில் பாடம் கேட்க வேண்டும். முன்பு ஆங்கிலம், 1976 முதல், முதலாம் படிவத்திலிருந்து படிப்படியாக மலாய். இதற்காகவே புகுமுக வகுப்பு என்று ஓராண்டு வைத்தார்கள். அதையும் தாண்டி, மூன்றாம் படிவத் தேர்வில் தோற்றவர்கள் பள்ளியை விட்டு நிற்க நேர்ந்தது. 1990களில்தான் அந்தத் தடையும் அகன்றது.

கதவுகள் திறந்தால் போதுமா? 1990களில் எங்கள் தோட்டத்திலிருந்து ஆறு பேர் ஒன்றாகப் புகுமுக வகுப்பில் சேர்ந்தோம். அவர்களில் ஒரு நண்பனுக்கு ஆசிரியர் பேசுவது விளங்கவில்லை. கேட்கவும் கூச்சம். நாள்தோறும் சீருடை அணிந்து புறப்படுவான், பேருந்தில் ஏறமாட்டான். விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடும் அவன் தாய்க்கு, கொடியில் காயும் சீருடைதான் மகன் படிக்கிறான் என்பதற்குச் சாட்சி. பள்ளிப் பதிவேட்டில் அவன் பெயர் பல மாதம் இருந்தது. வகுப்பில் அவன் இல்லை. ஐந்தாம் படிவத் தேர்வு எழுதியவர்கள் எங்களில் இருவர் மட்டுமே.

பெற்றோர்களே, சேர்க்கை வேறு, படிப்பு வேறு. பிள்ளை பட்டணத்துப் பள்ளிக்குப் போன முதல் மூன்று மாதங்களில் ஒரு முறையாவது வகுப்பாசிரியரைப் பாருங்கள். மலாய் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை. "என் பிள்ளை தினமும் வருகிறதா? பாடம் விளங்குகிறதா?" என்ற இரண்டு கேள்விகள் போதும். அன்று அந்தத் தாயிடம் இதை எடுத்துச் சொல்ல எவரும் இல்லை. இன்று நாங்கள் சொல்கிறோம்.