தூங்கானை மாடமும் லேசர் வெட்டும்: திருத்தணிக் கோயிலை முன்வைத்துச் சிற்றளவு மாதிரிகள் குறித்த ஆய்வு

முன்னுரை

கட்டடத்தைச் சிற்றளவில் சமைத்துக் காட்டும் வழக்கம் தமிழகத்தில் கணினியோடு தோன்றியதன்று. திராவிட விமானத்தின் மேல்தளங்களை அணிசெய்யும் கூடம், சாலை, பஞ்சரம் ஆகியவை தனிக் கோயில்களின் குற்றுருவங்களே. கூடம் சதுரக் கோயிலையும், சாலை நீள்சதுரக் கோயிலையும், பஞ்சரம் பின்புறம் வளைந்த தூங்கானை மாடத்தையும் சுட்டுகின்றன. இம்மூன்றனுள் லேசர் வெட்டுப்பொறிக்கு எளிதில் அடங்காதது தூங்கானை மாடம். அதன் காரணத்தையும், அத்தகைய மாதிரி எந்த அளவிற்குச் சான்றாகும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பாறையும் கட்டுமானமும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்திலேயே திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலும் உள்ளது. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் அபராசிதன் காலத்தில் நம்பி அப்பி என்பவர் எடுப்பித்த கற்றளி இது. இதன் விமானம் தூங்கானை மாட வடிவினது. இதே வடிவை 7ஆம் நூற்றாண்டு மாமல்லபுரத்துச் சகாதேவ ரதத்தில் ஒற்றைக் கல்லாகக் காணலாம். பாறையைக் குடைந்த சிற்பிக்கு இணைப்பு என்னும் சிக்கல் இல்லை. கல்லை அடுக்கிய திருத்தணிச் சிற்பிக்கு அது இருந்தது. தகட்டை அடுக்கும் இன்றைய மாதிரிக் கலைஞர் திருத்தணிச் சிற்பியின் வழியினர்.

தகட்டின் வரம்பு

1964இல் பெல் ஆய்வுக்கூடத்தில், பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் கரியமில வாயு லேசரை உருவாக்கினார். அதன் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளக் கதிரை மரமும் அக்ரிலிக்கும் நன்கு உறிஞ்சுவதால் மாதிரி செய்வோர் அதனைக் கையாளுகின்றனர். உலோகத் தகடுகளுக்கு, ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள இழை லேசர் பொருத்தமானது.

விமானத்தின் வளைந்த சுவரை ஒட்டுப்பலகையில் இணைகீறல்களிட்டு வளைக்கலாம். சிகரத்தின் பின்பகுதியோ இரு திசைகளிலும் வளைவது. ஒரே தகட்டை மடக்கி அதனைப் பெற இயலாது. ஆகவே கிடைமட்டத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். 1:50 அளவில் 3 மி.மீ. தகடு கட்டடத்தில் 15 செ.மீ. உயரத்தைக் குறிக்கும். அதனினும் நுண்ணிய உயர வேறுபாடுகள் படிகளுக்குள் மறையும். கதிர் எரித்தகற்றும் பிளவு 0.2 மி.மீ. எனில், அதே அளவில் அது 1 செ.மீ. ஆகும், வரைபடத்தில் அதனை ஈடுசெய்யாவிடின் உறுப்புகள் தளர்ந்து பொருந்தும்.

முடிவுரை

அதிட்டானத்தின் மெல்லிய விளிம்புகளைக் கொண்டே கோயில்களின் காலத்தையும் பாணியையும் கணிக்கும் மரபு உண்டு. மாதிரியில் முதலில் மறைவனவும் அவ்விளிம்புகளே. எனவே மாதிரியைக் கோயிலுக்கு மாற்றாகக் கொள்ளாது, அளந்தவரின் முடிவுகளைத் தாங்கிய ஆவணமாகவே கொள்ளல் தகும். அளவு விகிதம், தகட்டின் தடிமன், பிளவின் அகலம், ஊகித்து நிரப்பிய பகுதிகள் ஆகிய நான்கையும் மாதிரியின் அடிப்பலகையிலேயே பொறிப்பின், அடுத்துவரும் ஆய்வாளர் கல்லையும் தகட்டையும் வேறுபடுத்தி அறிவர்.