ரொட்டிக் கணக்கும் முதற் செயலியும்



கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்றுவரும் கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். சிறு சிறு பயிற்சிகளைச் செய்து பழகிவிட்டதாகவும், முழுமையான ஒரு செயலியை எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் விளங்கவில்லை என்றும் கூறினார். விடையாக நான் அவருக்கு ஒரு வரலாற்றைச் சொன்னேன். அதனையே இன்று உங்களுக்கும் சொல்ல விழைகின்றேன்.

இலண்டனில் லயன்ஸ் என்னும் நிறுவனம் ஒன்று இருந்தது. தேநீரும் ரொட்டியும் பணியாரங்களும் விற்பது அதன் தொழில். இருநூறுக்கு மேற்பட்ட தேநீர்க் கடைகள் அதற்கு உண்டு. ஒரு கோப்பைத் தேநீரில் கிடைக்கும் இலாபம் மிகச் சிறிது. ஆகவே காசு காசாகக் கணக்குப் பார்க்க எழுத்தர்கள் பெருந்திரளாக வேண்டியிருந்தனர். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற ஜான் சிம்மன்ஸ் என்பார், அலுவலக வேலை முறைகளை ஆராய்வதற்கென்றே அங்கு ஒரு பிரிவை வளர்த்திருந்தார்.

1947ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் அலுவலர் இருவர் அமெரிக்காவுக்குச் சென்றனர். பிரின்ஸ்டனில் அவர்களைச் சந்தித்த ஹெர்மன் கோல்ட்ஸ்டைன், இங்கிலாந்திலேயே கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் என்பார் ஒரு கணிப்பொறி அமைத்துவருவதைத் தெரிவித்தார். கடல் கடந்து போனவர்கள் அண்டை ஊர்ச் செய்தியோடு திரும்பினர்! லயன்ஸ் நிறுவனம் பொருளும் ஆளும் தந்து வில்க்ஸுக்கு உதவியது. அவருடைய ‘எட்சாக்’ பொறி 1949 மே 6ஆம் நாள் முதன்முதல் இயங்கி, எண்களின் வர்க்கங்களை அட்டவணையாக அச்சிட்டது.

அவ்வாண்டில் வில்க்ஸ் எழுதிய நிரல் ஒன்று ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 126 வரிகளே கொண்ட அதில் ஏறத்தாழ 20 பிழைகள் இருந்தன. தம் வாழ்நாளில் பெரும்பகுதி தம் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்பதை அவர் அப்போது உணர்ந்தாராம். ஆயினும் அவர் பிழைத்தால் இழப்பு அவருக்கே. மீண்டும் ஒரு முறை பொறியை ஓட்டிப் பார்க்கலாம். ரொட்டிக் கணக்கில் பிழை நேர்ந்தால் அது வணிகத்தையே தொடும். கூலிக் கணக்கில் நேர்ந்தாலோ தொழிலாளியின் வீட்டு அடுப்பையே தொடும் அன்றோ?

லயன்ஸ் தனக்கென ‘லியோ’ என்னும் பொறியை அமைத்துக்கொண்டது. பொறியியலுக்கு ஜான் பிங்கர்ட்டன் தலைவர். ஏறத்தாழ 6,000 வால்வுகள் அதில் ஒளிர்ந்தன. பழைய வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஒரு வால்வே எத்தனை தொல்லை தரும் என்பது தெரியும். நினைவகமோ பாதரசக் குழல்களில் 2,048 சொற்களைத் தாங்கும் அளவே.

நிரல் எழுதும் பணிக்குத் தலைமை ஏற்ற டேவிட் காமினர் கணித அறிஞர் அல்லர். அலுவலகத் தாள்கள் கைமாறும் வழியெல்லாம் அறிந்தவர். இதனையே நான் இவ்வரலாற்றின் உயிர்நிலை என்பேன். பொறி என்ன செய்யும் என்பதற்கு முன்னர், தாள் யார் கையிலிருந்து வருகிறது, விடை யார் கைக்குப் போகிறது என்று அவர் கேட்டார்.

முதல் வேலையாக அவர்கள் கூலிக் கணக்கை எடுக்கவில்லை. ரொட்டி, பணியாரம் முதலியன எவ்வளவு உருவாயின, அவற்றின் மதிப்பு யாது என்று வாரந்தோறும் கணக்கிடும் சிறு வேலையையே எடுத்தனர். அதில் உள்ளே செல்லும் எண்கள் குறைவு; ஒரு நாள் தாமதமானாலும் எவரும் பட்டினி கிடவார். ஆனால் எடுத்த வேலையை முழுமையாகச் செய்தனர். எண்களை இருவர் தனித்தனியே நாடாவில் துளையிட்டு ஒப்பிட்டனர். ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் வரி வரியாகச் சோதித்தார். மொத்தங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதும் பார்க்கப்பட்டது. 1951 நவம்பர் இறுதியில் இக்கணக்கு லியோவின் வழக்கமான வேலையாயிற்று. நாள்தோறும் நடைபெறும் வணிக அலுவல் ஒன்றை மின்னணுக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டது உலகில் அதுவே முதல் முறை.

நான் எழுதிய முதல் நிரல் மாணவர் மதிப்பெண்களைக் கூட்டுவது. கூட்டலில் குறை ஒன்றும் இல்லை. தேர்வுக்கு வாராத ஒரு மாணவரின் பெயருக்கு எதிரே எண்ணுக்குப் பதிலாகச் சிறு கோடு ஒன்று இருந்தது. அதைக் கண்டதும் நிரல் நின்றுவிட்டது. அக்கோட்டை நான் எதிர்பார்க்கவே இல்லை! காமினரின் முறை எவ்வளவு சிறந்தது என்பது எனக்கு அன்றுதான் புலப்பட்டது.

கூலிக் கணக்குக்கு இரண்டாண்டுகளுக்கு மேல் பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. வரி, பிடித்தம், விடுமுறை எனச் சிக்கல்கள் பல. வால்வு பழுதாகிப் பொறி நடுவில் நின்றால் முதலிலிருந்து தொடங்காமல், அதுவரை கண்ட விடையிலிருந்தே மேலே செல்லவும் வழி செய்தாக வேண்டும். 1952இல் சேர்ந்த மேரி கூம்ப்ஸ் என்னும் பெண்மணி இந்நிரல்களில் உழைத்தவருள் ஒருவர். பழகிய எழுத்தர் ஒரு தொழிலாளியின் கூலியைக் கணக்கிட 8 நிமிடம் ஆகும். லியோவுக்கு ஒன்றரை நொடி போதும். எனினும் நிறுவனத்தார் விரைவைக் கண்டு மயங்கவில்லை. பொறியின் விடைகளை எழுத்தர்களின் விடைகளோடு வாரக்கணக்கில் ஒப்பிட்டனர். 1954 பிப்ரவரி 12ஆம் நாளன்றுதான் கூலிக் கணக்கை லியோவிடம் ஒப்படைத்தனர்.