மறுசிந்தனை இறையியல்

கிறிஸ்தவ வேதசாஸ்திரத்தைப் பாரத தத்துவத்தோடும் நவீன விஞ்ஞானத்தோடும் உரையாடச் செய்யும் நோக்குடன், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னையை மையமாகக் கொண்டெழுந்த சிந்தனை மரபு. 1938இல் தாம்பரத்தில் கூடிய சர்வதேச மிஷனரி மகாநாட்டை முன்னிட்டு, ஹாலந்து அறிஞர் ஹென்றிக் கிரேமர் எழுதிய நூலுக்கு விடையாக, நீதிபதி செஞ்சையாவும், தொழிற்சங்கத் தலைவராயும் பின்னர் சென்னை மேயராயும் விளங்கிய சக்கரையும், அவர்தம் நண்பர்களும் ஒரு கட்டுரைத் தொகுதியை வெளியிட்டனர்.

இவர்களுள் விஞ்ஞானத்தை மிகவும் நெருங்கிச் சென்றவர் செஞ்சையா. பிரெஞ்சுத் தத்துவஞானி பெர்க்சனும் அரவிந்தரும் விளக்கிய பரிணாமக் கொள்கையைத் துணைக்கொண்டு, இயேசுவைப் பாவத்துக்குப் பரிகாரம் செலுத்தியவராக மட்டும் காணாமல், மானிட சிருஷ்டியின் அடுத்த படியாகவே அவர் கண்டார். திருச்சபையை அவர் அத்தனை எளிதாக ஒதுக்கிவிட்டது அவர் வாதத்தின் பலவீனமே.

இக்குழுவினின்று சற்று விலகி நின்றவர், பாளையங்கோட்டையில் பிறந்து கோயம்புத்தூர்ப் பேராயராக உயர்ந்த ஏ. ஜே. அப்பாசாமி (1891–1975). சரீரத்துள் ஆத்மா நின்று அதை இயக்குவதுபோல இறைவன் உலகனைத்தினுள்ளும் நின்று இயக்குகிறான் என்ற இராமாநுஜர் சித்தாந்தத்தைக் கொண்டு யோவான் சுவிசேஷத்தை விளக்கிய அவர், பிதாவோடு குமாரனுக்குள்ள ஐக்கியத்தை அத்வைத அபேதமாகக் கொள்ளாமல், பக்தனின் அன்புறவாகவே கொண்டார். நுட்பத்தில் செஞ்சையாவுக்குக் குறைந்தாலும், தமிழ் பக்தி நெஞ்சுக்கு அணுக்கமானது இவர் நெறியே.